படலைக்கு மேல் ஒரு கண்

யாழ்ப்பாணத்து வீட்டின் காவல் நெடுங்காலம் ஓசையினால் ஆயதாயிருந்தது. படலையைத் தள்ளினால் அது முனகும், முற்றத்து நாய் குரைக்கும், அடுத்த வளவிலிருந்து, “ஆரது?” என்று ஒரு குரல் எழும். இவற்றைக் கடந்து உள்ளே வருவது எந்தக் கள்வனுக்கும் எளிதன்று. இன்று கிடுகு வேலி இருந்த இடத்தில் ஆறடி மதில் எழுந்துவிட்டது. படலை இருந்த இடத்தில் எண்ணெயிட்ட இரும்புக் கேற் ஓசையின்றித் திறக்கின்றது. அடுத்த வளவிலோ, பல ஊர்களில், பூட்டிய வீடே உண்டு. 2009 இல் யுத்தம் முடிந்த பின்னர், கடல்கடந்து வாழும் பிள்ளைகளின் பணத்தினால் எழும்பிய வீடுகளிலே, காதின் வேலையைக் கண்ணிடம் ஒப்படைத்து, தாவாரத்தின் கீழ் கமராக்களைப் பொருத்தும் வழக்கம் பரவியது. வாளேந்திய கும்பல்கள் முகத்தை மூடிக்கொண்டு மோட்டார் சைக்கிள்களில் வந்து வீடுகளை அடித்து நொறுக்கிய செய்திகள் பத்திரிகைகளில் அடிக்கடி வெளிவந்த ஆண்டுகளில், கமரா இல்லாத வீட்டாரும் அதனை வாங்க எண்ணினர்.

வீட்டைக் காக்கக் கமரா வைத்தோம். கமராவைக் காப்பது யார்? இக்கேள்வியை இவ்வாரம் நம்மிடம் எழுப்பியவர் எழுபத்தெட்டு வயது மூதாட்டியார் ஒருவர். வலிகாமத்திலே ஒரு கிராமத்தில் தனியே வாழ்பவர். மக்கள் இருவரும் ரொறன்ரோவில். மூத்த மகன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்தபோது நான்கு கமராக்களைப் பூட்டிவிட்டுச் சென்றார். தாயார் காலையில் விறாந்தைக்கு வருவதையும், மாலையில் கோழிகளை அடைப்பதையும் அங்கிருந்தே கைத்தொலைபேசியில் பார்த்துக்கொள்வார். ஒருநாள் தாயார் முற்றத்திலே வழுக்கி விழுந்ததை அவர் அங்கிருந்து கண்டு, அயல்வீட்டாருக்குத் தொலைபேசியில் சொல்ல, அவர்கள் ஓடிவந்து தூக்கினார்களாம். ஆகவே இது வெறும் களவு பற்றிய விஷயமன்று.

கிணற்றடிப் பக்கமாக இருந்த கமரா ஒன்று இவ்வருடம் மும்முறை குருடாக்கப்பட்டது. முதன்முறை அதன் தலையில் ஒரு பொலித்தீன் பையை மாட்டியிருந்தார்கள். இரண்டாம் முறை கண்ணாடியிலே சாணியை அப்பியிருந்தார்கள். மூன்றாம் முறை வயரையே நறுக்கிவிட்டார்கள். மகன் கொதித்துப்போய், இரும்புக் கூடு அடித்துப் பூட்டும்படி பணம் அனுப்பியிருந்தார். வீட்டுப் பொருள்களைப் பற்றி இப்பகுதியில் நாம் எழுதுவதை வாசித்திருந்த மூதாட்டியார், கூடு அடிப்பதற்கு முன் நம்மை ஒருமுறை வந்து பார்க்கும்படி சொல்லியனுப்பினார். சென்றோம். தேநீர் தந்தபின் அவர் குரலைத் தாழ்த்தி, “தம்பி, இதை ஆர் செய்ததெண்டு எனக்குத் தெரியும். மோனுக்கு மட்டும் சொல்லிப்போடாதேயும்” என்றார். யார் என்று நாம் கேட்கவில்லை. அது பின்னர் தானாக விளங்கியது. முதலிலே அந்தக் கமராவைப் பார்ப்போம்.

அதனை மாட்டியிருந்த முறையிலே குறை ஒன்றல்ல, பல இருந்தன. சாதாரணமாகக் கடைகளில் மலிவாய்க் கிடைக்கும் குழாய் வடிவக் கமரா அது. சுவரிலிருந்து ஒரு சாண் நீட்டிக்கொண்டு நிற்கும். கையால் எட்டினால் எவரும் அதன் கழுத்தை வானத்துக்குத் திருப்பிவிடலாம், உடைக்கவும் வேண்டியதில்லை. இதற்கு மாறாக, கவிழ்த்த சிரட்டை போன்ற மூடியினுள் அமைந்த கமராக்கள் உண்டு. அவற்றைப் பிடிப்பதற்குக் கழுத்தும் இல்லை, வாலும் இல்லை. எப்பக்கம் நோக்குகின்றன என்பதும் வெளியே நிற்பவனுக்கு எளிதில் தெரியாது. ஆனால் அவற்றிலும் ஒரு தொல்லை உண்டு. மூடி கீறுண்டாலோ, வாடைக் காலத்துப் பனியும் மழைத்துளியும் படிந்தாலோ, இரவில் கமராவின் சொந்த ஒளியே மூடியில் பட்டுத் திரும்பிப் படம் வெண்புகை மண்டியதுபோல் ஆகிவிடும். ஆகையினால் மழைச்சாரல் படாத தாவாரத்தின் கீழேயே அவை சிறக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாய், கண்விழியைப் போல உருண்டு நிற்கும் மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. மூடியில்லாததால் படம் தெளிவு. ஆயினும் கைக்கு எட்டுமிடத்தில் அதனைத் திருப்பிவிடலாம்.

கடைக்காரர், “இது உடையாது” என்று சொல்வார். எவ்வளவு அடிக்கு உடையாது என்று கேட்க வேண்டும். இதற்கெனச் சர்வதேச அளவுகோல் ஒன்று உண்டு. பெட்டியின் மேல் ‘ஐ.கே.’ என்ற எழுத்துகளுக்குப் பின்னே ஓர் எண் இருக்கும். ஐ.கே.08 எனில் 5 யூல் சக்தியுள்ள அடியைத் தாங்கும். ஐ.கே.10 எனில் 20 யூல். அதாவது, 5 கிலோ எடையொன்றை 40 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து போட்டால் விளையும் அடி. எறிந்த கல் பலவற்றுக்கும், கைத்தடிக்கும் இது ஓரளவு ஈடுகொடுக்கும். கோடரிக்கு எதுவும் ஈடுகொடாது. ஆனால் யாழ்ப்பாணத்திலே கமராவுக்குக் கல்லெறிபவனைவிடப் பெரிய பகைவன் ஒருவன் தலைக்கு மேலே நிற்கின்றான். ஒன்றரைக் கிலோ எடையுள்ள பனம்பழம் 15 மீற்றர் உயரத்திலிருந்து விழுமாயின், அது கொண்டுவரும் சக்தி ஏறக்குறைய 220 யூல், ஐ.கே.10 தாங்கும் அடியைப்போல் பதினொரு மடங்கு! கேற் ஓரத்துப் பனையின் கீழ் கம்பம் நட்டுக் கமரா பூட்டிய அன்பர் ஒருவரை நாம் அறிவோம். ஆவணியிலே அது சிதைந்து கிடந்தபோது, எதிர்வீட்டுப் பையன்கள் மேல் பொலிசில் முறைப்பாடு கொடுக்கவும் அவர் ஆயத்தமானார். பழத்தின் தும்பு கமராவின் தாங்கியில் ஒட்டிக்கொண்டிருந்தமை நல்வினைப்பயனே.

‘ஐ.பி.’ என்று இன்னொரு அளவும் பெட்டியில் இருக்கும். அது தூசிக்கும் நீருக்கும் உரியது. ஐ.பி.66 எனில் தூசி முற்றாகப் புகாது, வேகமாகப் பீய்ச்சும் நீரும் புகாது என்பது பொருள். அடிதாங்கும் அளவையும் நீர்தாங்கும் அளவையும் பலர் ஒன்றாக எண்ணி ஏமாறுகின்றனர். உப்புக்காற்றுக்கு இரண்டிலும் விடையில்லை. வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, காரைநகர், குருநகர் ஆகிய கரையோர ஊர்களிலே, சாதாரண இரும்புத் திருகாணிகள் சில பருவங்களிலேயே துருவேறிக் கழன்று, கமரா தன் பாரத்தினாலேயே தலை கவிழ்ந்துவிடும். அவ்விடங்களில் 316 என்னும் தரத்துத் துருவேறா உருக்கினாலாய ஆணிகளைக் கேட்டு வாங்குக. திருகாணியின் தலையும் கவனிக்கற்பாலது. நேர்க்கோட்டுப் பிளவுள்ள ஆணியை ஒரு சதக் காசினால் கழற்றலாம். நடுவிலே சிறு முள் நிற்கும் நட்சத்திரத் தலை ஆணிக்கு அதற்கென்றே அமைந்த சாவி வேண்டும். அதன் விலை அதிகமன்று.

இனி வயர். மூதாட்டியார் வீட்டில் கமராவிலிருந்து வயர் சுவரின் வெளிப்புறமாகத் தொங்கிச் சென்று சன்னல் வழியே உள்ளே நுழைந்தது. பூங்கன்று வெட்டும் கத்தரியே அதற்குப் போதும். கமராவின் பின்புறத்திலேயே சுவரைத் துளைத்து வயரை உள்ளே செலுத்துவதே சரி. அதற்கு வழியில்லையாயின் சுவரோடு இறுகப் பொருத்திய உலோகக் குழாயினுள் செலுத்துக. பிளாஸ்ரிக் குழாய் அணிலுக்குக்கூட முழுத் தடையன்று. சுவருக்குள் நுழையுமிடத்தில் வயர் சற்றே கீழே வளைந்து பின் மேலேறுமாறு விட்டால், மழைநீர் வளைவில் சொட்டிவிடும். வயர் வழியே பெட்டிக்குள் இறங்காது. ஒரே வயரில் மின்சாரமும் படமும் செல்லும் கமராக்கள் இப்போது பெருவழக்கு. அவ்வயர் 100 மீற்றர் தூரம் வரை ஓடலாம். கம்பியில்லாக் கமராவைச் சிலர் விரும்புவர். வெட்ட வயரில்லை என்பது மெய்யே; ஆயினும் அலைகளைக் குழப்பும் சிறு கருவியொன்று அதனை வாயடைக்கச் செய்துவிடும். அன்றியும் அதற்கும் மின்சாரம் ஊட்ட ஒரு வயர் பெரும்பாலும் வேண்டியிருக்கின்றது.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பால் செல்லமுடியாது. ‘எட்டாத உயரத்தில் வை’ என்பது எல்லோரும் தரும் ஆலோசனை. எட்டாத உயரத்தில் வைத்தால் தொப்பியும் தலைமயிரும்தான் படத்தில் விழும். முகமன்றோ நமக்கு வேண்டியது? மூன்று மீற்றருக்கு மேற்படாமல் வைப்பதே நன்று. முகத்தை அடையாளம் காண, படத்தின் அகலத்தில் ஒரு மீற்றருக்கு 250 புள்ளிகள் விழவேண்டும் என்பது ஐரோப்பிய நியமம். சாதாரண கமராவின் படம் 1920 புள்ளி அகலமுடையது. வகுத்துப் பார்க்கும் மாணவர்கள், ஏழரை மீற்றருக்குச் சற்றே மேற்பட்ட அகலத்துக்குத்தான் அது போதும் என்று காண்பார்கள். நூறு பாகை அகலமாக விரிந்து பார்க்கும் கமராவிலே அந்த அகலம் மூன்றேகால் மீற்றர் தூரத்திலேயே நிரம்பிவிடும். ஐம்பது பாகை மட்டும் பார்ப்பதாயின் எட்டு மீற்றர் வரை செல்லும். ‘முற்றம் முழுவதும் தெரிகிறது’ என்று மகிழ்வோர், முற்றத்து மூலையில் நிற்பவன் யாரென்று அதில் தெரியாது என்பதை அறிவதில்லை. ஆகவே அகலப் பார்வைக் கமரா ஒன்றை உயரத்தில் வைத்து, கேற் தூணிலே, முக உயரத்தில், சிறிய கமரா ஒன்றைப் பதிப்பது நல்ல உபாயம். உயரத்தில் நிற்பது தூணில் உள்ளதைக் காக்கும். தூணிலுள்ளது உயரத்தில் உள்ளதற்கு ஏணி வைக்க வருபவனின் முகத்தைக் காணும். காவற்காரர் இருவர் ஒருவரையொருவர் பார்த்துநிற்பது போன்றது இது.

இவ்விடத்தில், வீட்டுக் கமராவின் பிறப்பையும் கூறுவது பொருந்தும். நியூயோர்க் நகரிலே குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த தாதி மேரி வான் பிரிற்றன் பிரவுண் என்பார், இரவில் தனியே இருக்க நேர்வதனாலும், அழைத்தாலும் பொலிசார் வரத் தாமதித்ததனாலும், கணவருடன் சேர்ந்து ஒரு சாதனத்தை வகுத்து 1966 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969 இல் அது கிடைத்தது. கதவிலே வெவ்வேறு உயரங்களில் துளைகள்; கதவின் உட்புறமாகக் கமரா மேலுங்கீழும் நகர்ந்து ஒவ்வொரு துளையாகப் பார்க்கும்; படம் படுக்கையறையிலே தெரியும். கவனியுங்கள்: அந்தக் கமரா கதவுக்கு உள்ளே இருந்தது. வெளியே நிற்பவன் அதற்குச் சாணி அப்ப முடியாது! கண்ணாடி சன்னலுக்குள்ளிருந்து பார்க்கலாமே என்று இன்றும் சிலர் கேட்பர். பகலில் பார்க்கலாம். இரவில் கமராவின் ஒளி கண்ணாடியில் பட்டு எதிரொளிக்கும். ஆகவே அவ்வொளியை அணைத்து, வெளியே ஒரு விளக்கை எரியவிட வேண்டும்.

திருடர் சிலர் கமராவைத் தொடுவதேயில்லை. வீட்டுக்குள் புகுந்து, நகையோடு பதிவுப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு போகின்றனர். பல வீடுகளிலே அப்பெட்டி வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குக் கீழே, பச்சை விளக்கெரிய வீற்றிருக்கின்றது. ‘என்னையும் கொண்டுபோ’ என்று அழைப்பதுபோல! அதனைக் காற்றோட்டமுள்ள பூட்டிய அலுமாரியிலோ, மேற்தட்டிலோ மறைத்து வைத்து, படத்தின் ஒரு பிரதியை இணையத்தின் வழியே வேறிடத்தில் சேமிப்பது அவசியம். கமராவுக்குள்ளேயே சிறு நினைவட்டை இடும் வசதியும் உண்டு. வயர் வெட்டப்பட்டாலும், வெட்டும் அந்தக் கணம்வரை அதில் இருக்கும். வன்தட்டின் அளவையும் எண்ணிக்கொள்க. நான்கு கமராக்கள், ஒவ்வொன்றும் வினாடிக்கு 2 மெகாபிற் வீதம் எழுதினால், நாளொன்றுக்கு 86 கிகாபைற். ஒரு ரெறாபைற் தட்டு பதினொரு நாளில் நிரம்பி, பழையதை அழிக்கத் தொடங்கும். கனடாவிலிருந்து வந்து பார்த்துக்கொள்வோம் என்றிருந்தால் ஒன்றும் மிஞ்சாது.

மின்சாரம் போனால் எல்லாக் கமராவும் ஒரே சமயத்தில் கண்மூடும். 2022 மார்ச் இறுதியில் இத்தீவிலே நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். பதிவுப்பெட்டிக்கும் நான்கு கமராக்களுக்கும் முப்பது, நாற்பது உவாற்றே போதும். கணினிக்கு வைக்கும் சாதாரண பற்றறிப் பெட்டியே ஒரு மணி நேரமளவில் தாங்கும். இணையக் கருவியையும் அதிலேயே பூட்டாவிடின், படம் பதிவாகுமேயன்றி ரொறன்ரோவுக்குச் செல்லாது. வெளியே, மின்மானிக்கருகே உள்ள தலைமை ஆளிப் பெட்டிக்குப் பூட்டுப் போடுங்கள். வயரைத் தேடி வெட்டத் தெரியாதவனுக்கும் ஆளியைக் கீழே தட்டத் தெரியும்.

சிலந்தியைப் பற்றி எழுதினால் சிரிப்பீர்கள். இரவிலே கமராவின் செவ்வொளிக்குப் பூச்சிகள் கூடும். பூச்சிக்காகச் சிலந்தி வலை பின்னும். வலை காற்றில் அசைய, ‘ஆள் நடமாட்டம்’ என்று கருவி இரவு முழுவதும் மகனின் தொலைபேசியை அடிக்கும். நாலாம் நாள் மகன் எச்சரிக்கையை நிறுத்திவிடுவார். கள்வனுக்கு அதுவே போதும். வாரமொருமுறை ஒட்டடைக்கம்பால் துடைப்பதைவிடச் சிறந்த பரிகாரம் நாமறிய இல்லை. அந்த ஒளியிலும் இரு வகையுண்டு. 850 நனோமீற்றர் அலையுள்ளது இருளில் மங்கலான செந்தணல்போல் தெரிந்து கமரா இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும். 940 கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அத்துணைத் தூரம் எட்டாது.

கமரா மூடப்பட்டாலோ, திருப்பப்பட்டாலோ, மங்கலாக்கப்பட்டாலோ அதனை உணர்ந்து எச்சரிக்கும் வசதி இன்றைய பதிவுப்பெட்டிகள் பலவற்றில் உண்டு. மூதாட்டியார் வீட்டுப் பெட்டியிலும் இருந்தது. ஒருவரும் அதை இயக்கிவிடவில்லை. கடிகாரத்தையும் சரிபார்க்கவில்லை. சீனாவிலிருந்து வரும் பெட்டிகள் சில அந்நாட்டு நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அது நமது நேரத்திலும் இரண்டரை மணி முந்தியது. இரவு ஒன்றரைக்கு வந்த கள்வன் படத்திலே அதிகாலை நான்குக்கு வந்தவனாகிவிடுவான். அந்த வேளையில் அவன் வேறிடத்தில் இருந்ததற்குச் சாட்சி கொண்டுவந்தால் நாம் என் செய்வது? கணினிச் சான்றுகளையும் ஒலி, ஒளிப் பதிவுகளையும் நீதிமன்றம் ஏற்பதற்கு 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இந்நாட்டில் வழிவகுத்துள்ளது. அதற்காகவேனும் கடிகாரம் சரியாயிருக்க வேண்டும். பொலிசாருக்குப் பிரதியைக் கொடுத்து, மூலத்தை அழியாது வைத்திருக்கவும் வேண்டும்.

ஏணியில்லாமல், கத்தரியில்லாமல் கமராவைக் கெடுப்போரும் உளர். 2016 ஒக்ரோபர் 21ஆம் திகதி அமெரிக்காவிலே பெயர்பெற்ற இணையத்தளங்கள் பல மணிக்கணக்காக முடங்கின. தாக்கியவை பெருங்கணினிகள் அல்ல. உலகெங்கும் வீடுகளிலும் கடைகளிலும் தொங்கிய கமராக்களும் பதிவுப்பெட்டிகளும் போன்ற சிறு கருவிகள். ‘மிராய்’ என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இடப்பட்ட அறுபதுக்கு மேற்பட்ட கடவுச்சொற்களை ஒவ்வொன்றாய்ச் சொல்லிப் பார்த்தே அவற்றினுள் புகுந்தது. சொந்தக்காரர் ஒருவரும் கடவுச்சொல்லை மாற்றியிருக்கவில்லை! மூதாட்டியார் வீட்டுக் கடவுச்சொல்லைக் கேட்டோம். பூட்டிக்கொடுத்த பையன் வைத்தது. மூத்த மகனுக்கும், இளையவருக்கும், மருமகளுக்கும், மருமகளின் தம்பிக்கும் தெரியும். தாயாருக்கு மட்டும் தெரியாது.

அப்போதுதான், கடல்கடந்து எத்தனை பேர் எதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார்கள் என்று அறியும் ஆவல் உண்டாயிற்று. திரையை இயக்கினோம். கிணற்றடிக் கமராவின் பழைய பதிவு ஒன்று, அது கெடுக்கப்படுவதற்கு முன்னைய நாளினது, தட்டிலே எஞ்சியிருந்தது. படத்தில் மூதாட்டியாரின் கிணறு ஒரு மூலையில். படத்தின் பெரும்பாகம் அயல் வளவு. அங்கே, மறைப்புத் தட்டிக்கு மேலாக, அயல்வீட்டாரின் கிணற்றடி. தட்டி நிலத்தில் நிற்போருக்கு மறைப்பு. தாவாரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு மறைப்பன்று. அவ்வீட்டிலே வளர்ந்த பெண்பிள்ளைகள் இருவர் உண்டு.

திரையை அணைத்துவிட்டோம். மூதாட்டியார் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பெடியன் தான் தம்பி. தமக்கைமார் முழுகேலாமல் கிடக்கெண்டு தாய் ஒருக்காப் பொட்டடியில வந்து சொன்னவ. நான் மோனுக்குச் சொன்னன். அவன், ‘நான் என்ன அதையே பாக்கிறன்?’ எண்டு கோவிச்சான். நான் விழுந்த அண்டைக்குத் தூக்கினவனும் அந்தப் பெடியன் தான்.”

நேயர்களே, இதுபோன்ற வழக்கொன்று ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றதுண்டு. செக் நாட்டிலே ரினேஷ் என்பாரின் வீட்டுச் சன்னல்களை யாரோ பலமுறை உடைத்துவந்தனர். அவர் தாவாரத்தின் கீழ் ஒரு கமரா வைத்தார். அது அவர் வாயிலையும், பொதுவீதியையும், எதிர்வீட்டு வாயிலையும் பதிவுசெய்தது. 2007 ஒக்ரோபரில் ஓர் இரவு கவணால் எறிந்து மறுபடியும் சன்னலை உடைத்தபோது, சந்தேகத்துக்குரிய இருவர் படத்தினால் பிடிபட்டனர். அவர்களுள் ஒருவர், அப்படி வீதியைப் படம்பிடித்தது முறையா என்று கேள்வி எழுப்பினார். பொதுவிடத்தையும் உள்ளடக்கிப் பதிவுசெய்யும் கமராவை ‘முற்றிலும் வீட்டுத் தேவைக்கானது’ என்று விலக்கிவிட முடியாது என 2014 டிசெம்பர் 11 இல் தீர்ப்பு வந்தது. உயிரையும் உடைமையையும் காக்க விழையும் வீட்டுக்காரரின் நியாயமான நலனையும் எடைபோடலாம் என்றும் நீதிமன்றம் கூறிற்று. இலங்கையிலே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், முற்றிலும் வீட்டுத் தேவைக்கானவற்றைத் தன் எல்லைக்கு வெளியே விடுகின்றது. அயலவரின் கிணற்றடி எந்த வீட்டுத் தேவை என்று நம்மூர்ப் பெரியவர்களைக் கேட்டால் நீதிமன்றம்வரை போகவேண்டியிராது.

தம்மைக் கேளாது நாட்டப்பட்ட கண்ணை மக்கள் வெறுப்பது புதிதன்று. 2019 ஓகஸ்ற் 24 இல் ஹொங்கொங்கிலே, முகத்தை அடையாளம் காண்பதற்கே வைக்கப்பட்டவை என்று அஞ்சி, ‘சாதுரிய’ விளக்குக் கம்பங்களை அறுத்து வீழ்த்தினர். அரசாங்கம் அதனை மறுத்துச் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. அதே ஆண்டில் யாழ்ப்பாண நகரிலும் அத்தகைய பெயர்கொண்ட கம்பங்கள் நாட்டப்பட்டபோது எதிர்ப்பு எழுந்ததை நாம் அறிவோம். இங்கே எழுந்தது கதிர்வீச்சைப் பற்றிய அச்சம். கம்பத்தில் என்ன இருக்கின்றது என்று முன்கூட்டியே தெளிவாய்ச் சொல்லியிருந்தால் அச்சத்திற் பாதி குறைந்திருக்கும் என்பது நம் அபிப்பிராயம். இலண்டனில், பழைய வாகனங்களுக்குக் கட்டணம் விதிக்கும் திட்டம் 2023 ஓகஸ்ற் 29 இல் மாநகர் முழுவதற்கும் விரிந்த காலத்தில், நூற்றுக்கணக்கான கமராக்களை வெட்டியும் திருடியும் சேதப்படுத்தினர். அங்கேயும் உயரமான கம்பம், உறுதியான பெட்டி எல்லாம் இருந்தன.

கமராவை உடைப்பது குற்றம். அயலவன் செய்தாலும் குற்றம். அதை நாம் மறுக்கவில்லை. வாளோடு வருபவனுக்கும் களவுக்கு வருபவனுக்கும் எதிராக, மேலே சொன்ன ஆணியும் குழாயும் பூட்டும் யாவும் வேண்டியவையே. ஆனால் அந்தக் கிணற்றடியிலே இரும்புக் கூடு அடித்திருந்தால் நான்காம் முறை என்ன நடந்திருக்கும்? கூட்டுக்குள்ளும் சாணி புகும். பொலிசுக்குப் போயிருந்தால் பெடியனுக்கு வழக்கு. அடுத்தமுறை மூதாட்டியார் முற்றத்தில் விழும்போது ரொறன்ரோவிலிருந்து யாருக்குத் தொலைபேசி எடுப்பது?

மகனோடு அன்றிரவே பேசினோம். பெயர் சொல்லவில்லை, மூதாட்டியாருக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். படத்தில் என்ன தெரிகின்றது என்பதை மட்டும் சொன்னோம். அவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “நான் அம்மாவை மட்டுந்தான் பார்த்தேன். மற்றது கண்ணில் படவில்லை” என்றார். மெய்யாகவே இருக்கலாம்.

மறுநாள் வேலை நடந்தது. வயர் சுவருக்குள் போயிற்று, குழாய்க் கமராவுக்குப் பதில் மூடிபோட்ட கமரா வந்தது, கடவுச்சொல் மாறியது. அதனைத் தாயார் தமது கையாலேயே ஒரு கொப்பியில் எழுதி, கொப்பியை அரிசிப் பானையின் கீழ் வைத்தார். கமராவை இரண்டு சாண் இடப்புறமாக நகர்த்தி, வீட்டுப் பின்கதவையும் தமது கிணற்றடியையும் மட்டும் பார்க்குமாறு திருப்பினோம். அப்படியும் அயல் வளவின் ஒரு துண்டு படத்தின் ஓரத்தில் விழுந்தது. குறித்த பகுதியைக் கறுப்பாக மறைத்துவிடும் வசதி கருவியிலேயே உண்டு. அதனை இட்டபின், வேலிப் பொட்டு வழியாக அயல்வீட்டு அம்மையாரை அழைத்து, திரையைக் காட்டினோம். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து நெடுநேரம் பார்த்தார். “இந்தக் கறுப்புத் துண்டு பிறகு தானாய் அழியாதே?” என்று கேட்டார். அழியாது, கடவுச்சொல் தெரிந்தவர் அழித்தால்தான் அழியும் என்றோம். “அது ஆருக்குத் தெரியும்?” என்றார். மூதாட்டியார் அரிசிப் பானையைக் காட்டினார்.

ஏணி நம்மிடம் இருக்கவில்லை. பொட்டுக்கு அப்பாலிருந்து ஏணியைக் கொண்டுவந்து, நாம் இறங்கும்வரை அடியிலே பிடித்துக்கொண்டு நின்றவன் பதினாறு, பதினேழு வயதுப் பையன். ஒரு வார்த்தையும் பேசவில்லை. போகும்போது, கீழே கிடந்த பழைய கமராவைக் காட்டி, “இதை நான் எடுக்கலாமே? கழட்டிப் பாக்க” என்று மட்டும் கேட்டான்.

“கொண்டுபோ மோனை” என்றார் மூதாட்டியார்.